ஆலப்புழையை அரசுப் படகில் பாருங்கள்

வெளியூர் விருந்தினருக்கு ஆலப்புழையைக் காட்டக் கிளம்புகிறவர்கள் முதலில் செய்யும் வேலை, படகு வீட்டுக்கு முன்பணம் கட்டுவது. படகு வீடாக மாறிய கெட்டுவள்ளத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆணியே அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் இழுத்துக் கட்டி, நெல் மூட்டை ஏற்றிய வள்ளம் அது. அந்தத் தச்சர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் இன்று டீசல் புகையும் கழிவும் காயலில் கலக்க, அது ஊரை விட்டு விலகியே மிதக்கிறது.

அதனால் மதுரையிலிருந்து வந்த அத்தையையும் மாமாவையும் நகரப் படகுத்துறைக்கே அழைத்துப்போனேன். மாநில நீர்வழிப் போக்குவரத்துத் துறையின் தலைமையகம் இந்த ஊரில்தான் இருக்கிறது. நெடுமுடி, காவாலம், கோட்டயம் என்று பஸ்ஸைப்போல் படகுகள் புறப்படுகின்றன. பஸ் டிக்கெட் அளவுக்குத்தான் கட்டணம். பள்ளிப் பிள்ளைகள், மீன் கூடைக்காரம்மா, அரிசி மூட்டையோடு ஒரு பெரியவர் என்று ஒவ்வொரு துறையிலும் ஏறி இறங்குகிறார்கள். அவர்களோடு தோள் உரச உட்கார்ந்து போனால்தான் ஆலப்புழையை அடுத்த குட்டநாடு பிடிபடும்.

வாடைக் கால்வாய் முடிந்து புன்னமடைக் காயல் விரிகிறது. 1952-இல் நேரு வந்தபோது படகுப் போட்டியைப் பார்த்து, வென்ற சுண்டன் வள்ளத்திலேயே உற்சாகத்தில் ஏறிவிட்டார். பிறகு அவர் அனுப்பிவைத்த வெள்ளிக் கோப்பைதான் இன்றைய நேரு கோப்பை. காயலைத் தாண்டியதும் அத்தை ஜன்னலோரம் எட்டிப்பார்த்து, "ஏம்ப்பா, வயலைவிடத் தண்ணி மேல நிக்குதே!" என்றார். குட்டநாட்டின் சூட்சுமமே அதுதான். கடல் மட்டத்துக்கும் கீழே கிடக்கும் வயல்களைச் சுற்றிச் சேற்று வரப்பு எழுப்பி, 'பெட்டியும் பறையும்' என்கிற இறைப்பு இயந்திரத்தால் நீரை வெளியே தள்ளி நெல் விளைவிக்கிறார்கள். வரப்பு உடைந்தால் ஒரு போகம் போச்சு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனம் 2013-இல் இந்த வேளாண் முறையை உலக வேளாண் பாரம்பரியமாக ஏற்றது. வைகையில் தண்ணீர் வருமா என்று வானத்தைப் பார்த்தே பழகிய மாமா, தண்ணீரை விரட்டிப் பயிர் செய்கிறவர்களை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியம் வாழையிலையில் பொதிந்து சுட்ட கரிமீன். அதைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, சாப்பிட்டால் போதும்.

வெயில் தாழக் கடற்கரை. துறைமுகமும் கால்வாய்களுமாக இந்த ஊரை 18-ஆம் நூற்றாண்டில் வணிக நகரமாக்கியவர் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ். 1862-இல் கட்டிய கடற்பாலத்தில் துருப்பிடித்த தூண்கள்தான் மிச்சம். கலங்கரை விளக்கமும் அதே ஆண்டுதான். 1859-இல் ஜேம்ஸ் டாரா இங்கே முதல் கயிற்று விரிப்பு ஆலையைத் தொடங்கியபின் ஊரின் பிழைப்பே தேங்காய் நாரில் ஓடியது.

தமிழ் வாசகர் மறக்கக்கூடாத இன்னொன்று உண்டு. மலையாள எழுத்தாளர் தகழியின் 'தோட்டியின் மகன்' நாவல் நடப்பது இந்தத் தெருக்களில்தான். அதில் வரும் தோட்டிகளின் இசக்கிமுத்து, சுடலைமுத்து என்ற பெயர்களே அவர்கள் எங்கிருந்து வந்தவர்கள் என்று சொல்லிவிடும். சுந்தர ராமசாமியின் மொழிபெயர்ப்பில் அதைப் படித்துவிட்டுப் போனால், அழகான கால்வாய்க் கரையில் யார் உழைப்பு மறைந்திருக்கிறது என்பது கண்ணில் படும்.

விருந்தினரோடு போகிறவர்கள் ஒரு முழுப் பகலை அரசுப் படகுக்கு ஒதுக்குங்கள். நேரு கோப்பை நாளில் புன்னமடை வழியே படகுகளுக்குக் கட்டுப்பாடு இருக்கும். ஆகஸ்டில் போவதானால் படகுத்துறையில் முன்னதாக விசாரித்துக்கொள்ளுங்கள்.