எலும்பு கூடாமை

எலும்பு கூடாமை என்பது முறிந்த எலும்பின் முனைகள் உரிய காலம் கடந்தும் ஒன்றுசேராமல் நின்றுவிடும் நிலையாகும். முறிவு ஏற்பட்டு 9 மாதங்களாகியும், கடைசி 3 மாதங்களில் எக்சு-கதிர்ப் படத்தில் முன்னேற்றம் தெரியாவிட்டால் அது பொதுவாகக் கூடாமை எனக் கொள்ளப்படுகிறது. எலும்பு கோணலாகச் சேர்வது இதிலிருந்து வேறுபட்டது.

காரணங்கள்

முறிந்த எலும்பு கூடுவதற்கு உறுதியான பிடிப்பும் போதிய இரத்த ஓட்டமும் தேவை. முறிவிடம் அளவுக்கு மீறி அசைந்தால் புதிய எலும்புத் திசு வளர்ந்தும் இடைவெளி அடைபடாது. இரத்த ஓட்டம் குறைந்தால் அத்திசுவே போதிய அளவு வளராது. முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பின் அடிப்பகுதி, தொடை எலும்பின் கழுத்து, மணிக்கட்டின் படகெலும்பு ஆகியவற்றில் இச்சிக்கல் அதிகம். நோய்த்தொற்று, புகைபிடித்தல், நீரிழிவு, ஊட்டக்குறைவு ஆகியனவும் காரணங்களாகும்.

நீலகிரியில்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளின் தேயிலைத் தோட்டங்கள் பெரும்பாலும் மலைச்சரிவில் உள்ளன. கால் முறிந்த தொழிலாளி, கூலி போகிறதே என்று மருத்துவர் சொன்ன நாளுக்கு முன்பே சரிவில் ஏறி இறங்கினால், முறிவிடம் அசைந்து, பொருத்திய தகடும் தளரலாம்.

இம்மாவட்டத்தில் இரத்தம் சார்ந்த காரணம் ஒன்றும் கவனிக்கத்தக்கது. 1952 இல் லேமன், கட்புசு ஆகிய ஆய்வாளர்கள் நீலகிரியின் இருளர், குறும்பர், பணியர் முதலிய மக்களிடம் அரிவாள் உயிரணுப் பண்பு இருப்பதை வெளியிட்டனர். இப்பண்பைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு அரிவாள் உயிரணு நோய் உண்டாகும். அந்நோயில் வளைந்த சிவப்பணுக்கள் நுண்குழல்களை அடைப்பதால் எலும்பின் பகுதிகள், குறிப்பாகத் தொடை எலும்பின் தலை, இரத்தமின்றி மடியலாம். எலும்பில் தொற்றும் ஏற்படலாம்.

சிகிச்சை

பிடிப்புக் குறைவாயின் தகடு அல்லது உள்தண்டு பொருத்தப்படும். திசு வளராதபோது இடுப்பெலும்பிலிருந்து எடுத்த எலும்புத் துண்டுகள் வைக்கப்படும். எலும்பு இழப்பு இருந்தால் சோவியத் மருத்துவர் இலிசாரோவ் உருவாக்கிய வளையச் சட்டத்தால், நாளொன்றுக்குச் சுமார் 1 மில்லிமீட்டர் வீதம் எலும்பு வளர்க்கப்படும்.

அரிவாள் உயிரணு நோயுள்ளவர் அறுவைக்கு முன் அதை மருத்துவரிடம் தெரிவிப்பது இன்றியமையாதது. குளிர், நீரிழப்பு, ஆக்சிசன் குறைவு ஆகியன அணுக்கள் வளைவதைத் தூண்டும். ஓர் எளிய இரத்தப் பரிசோதனையில் இந்நோயை அறியலாம்.