பரண் காவலும் தோலின் புற்றும்

கொக்கட்டிச்சோலை வாசகர் ஒருவர், தம் மகனுடைய இடுப்பிலும் தொடையிலும் வெளிறிய திட்டுக்கள் ஆண்டுக்கணக்காக மாறாதிருப்பதைக் குறிப்பிட்டு, தேமலும் தொழுநோயும் அன்றி வேறெதுவும் இவ்வாறு தோன்றுவதுண்டோ என்று வினவியிருக்கிறார். வாவி நடுவே மாந்தீவில் தொழுநோய் வைத்தியசாலையைக் கண்டே வளர்ந்த நமக்கு, வெள்ளைத் திட்டென்றதும் அந்த அச்சமே முந்துவது இயல்பு. ஆயினும், உணர்ச்சி குன்றாமலும் மருந்துக்கு மசியாமலும் நிற்கும் திட்டுக்களிடையே, மிக அரிதாக, மைக்கோசிஸ் பங்கோயிடீஸ் என்னும் தோலின் நிணநீர்ப் புற்றுநோயும் ஒளிந்திருக்கக்கூடும். பாரிசில் அலிபேர் என்னும் வைத்தியர் 1806 இல் விவரித்த இவ்வியாதி, கறுத்த தோலுடைய நம்மவரிடத்து, சிறப்பாக இளையோரிடத்து, வெளிறிய வடிவம் கொள்வதுண்டு.

இதிலே கெட்டுப்போவது சரீரத்தைக் காக்கும் டீ நிணநீர்க்கலமே என்பதுதான் என் மனத்தைப் பெரிதும் ஈர்த்த விசித்திரம். படுவான்கரை வட்டைகளில் யானைக்காவல் இருப்போர் பரணுக்குப் பரண் கூவிச் செய்தி கடத்துவதைச் சிறுவயதில் கேட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறேன். டீ கலங்களும் சைற்றோகைன் என்னும் நுண்புரதங்களால் அவ்வாறே ஒன்றையொன்று அழைக்கின்றன. தொடக்கத்தில் நல்ல கலங்கள் இன்ரர்பெரோன் காமாவைச் சுரந்து புற்றுக்கலங்களை நெருக்கிப் பிடிப்பதால், நோய் பல்லாண்டு திட்டளவிலேயே அடங்கிக் கிடக்கிறது. அது முற்ற முற்றக் குரல் மாறுகிறது. இன்ரர்லூக்கின் 4, 13 ஆகியவை மேலோங்கி, எதிர்க்கும் வலிமையைத் தளர்த்துவதோடு தோலின் அரணையும் மெலிவிக்க, இன்ரர்லூக்கின் 31 உறக்கங்கெடுக்கும் அரிப்புக்குத் துணைபோக, மெலிந்த தோலில் ஸ்ரபிலோகொக்கசு பற்றீரியா குடியேறித் தன் நஞ்சினால் டீ கலங்களை மேலும் உசுப்ப, அந்த ஆரவாரத்திலேயே புற்றுக்கலம் ஊட்டம் பெறுகிறது. 2019 இல் டென்மார்க்கு ஆய்வாளர், முற்றிய நோயாளர் சிலருக்கு நுண்ணுயிர்கொல்லி கொடுத்துப் பற்றீரியாவை ஒடுக்கியபோது, அவர்களிற் பலருக்குப் புற்றுக்கலங்களின் பெருக்கமும் தணியக் கண்டனர்.

இதைப் படித்துவிட்டு நுண்ணுயிர்கொல்லியைத் தாமே வாங்கி விழுங்க எவரும் முற்படலாகாது. அந்த ஆய்வு வைத்தியர் மேற்பார்வையில் நடந்தது. அதனினும் என்னை வருத்துவது, வைத்தியரின் துண்டின்றியே பாமசியில் வாங்கிப் பூசப்படும் ஸ்டீரொயிட் களிம்பு. நம் வாசகரும் அயலார் சொற்கேட்டு அதனைப் பூசியிருக்கிறார். களிம்பு அழற்சியைச் சற்றே அடக்குவதால் திட்டு மங்கி, மாறிவிட்டதென்ற மயக்கத்தைத் தருகிறது, விட்டதும் மீளுகிறது, இடையிலே நோயை இன்னதென்று அறிவதற்குரிய அடையாளங்களும் கலைந்துவிடுகின்றன. தொடக்கத்தில் கண்டால் புற ஊதாக் கதிர்ச் சிகிச்சைக்கே பெரும்பாலும் அடங்கக்கூடியதும், நோயாளரை நெடுங்காலம் வாழவிடக்கூடியதுமான ஒரு வியாதியை, நாமே இவ்வாறு திரைபோட்டு மறைப்பது எத்துணை அநியாயம்!

ஆகவே அன்பர் மகனை மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைத் தோல் கிளினிக்குக்கு அழைத்துச் சென்று, பூசிய களிம்புகளையும் மறையாது காட்டி, முதலில் தொழுநோய் அன்றென்று தெளிவித்துக்கொள்ளட்டும். களிம்பை நிறுத்திச் சில வாரம் பொறுத்தபின் தோலில் துணுக்கெடுத்துப் பார்க்க வேண்டுமென்று வைத்தியர் சொன்னால் அஞ்ச வேண்டியதில்லை. முதற்றுணுக்கில் விடை தெளியாமல் இரண்டாவதும் மூன்றாவதும் எடுக்க நேர்வது இந்நோயில் வழக்கமே.