ஒரு துளையால் கெட்ட காரியம்

குழந்தைக்குச் சந்திரனைக் காட்டிச் சோறூட்டுகிறோம். அந்தச் சந்திரனில் ஒரு யந்திரத்தை உடையாமல் இறக்குவது லேசான காரியமல்ல. அங்கே காற்றே இல்லை. ஆகையால் பாரசூட் பயன்படாது. எதிர்த் திசையில் ராக்கெட்டை மூட்டித்தான் வேகத்தைத் தணிக்க வேண்டும்.

1965-ஆம் வருஷத்தில் ருஷ்யர் அனுப்பிய கலங்களில் லூனா-5, லூனா-7 இரண்டும் சந்திரனில் மோதி நொறுங்கின. லூனா-6 வழி தவறிப் போயிற்று. டிசம்பர் 3-ஆம் தேதி லூனா-8 புறப்பட்டது.

மூன்று நாட் பிரயாணம் சுகமாகவே முடிந்தது. இறங்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவதற்கான காற்றுப் பைகள் உப்பின. அந்தோ! கலத்தின் உறுப்பொன்று ஒரு பையைக் குத்திவிட்டது. கசிந்த வாயு கலத்தையே சுழற்றியது. 46 விநாடி எரிய வேண்டிய ராக்கெட் 9 விநாடியில் அணைந்தது. கலம் மோதிச் சிதறியது.

இம்முயற்சிகளின் சூத்திரதாரியான செர்கேய் கொரோலெவ் 1966 ஜனவரி 14-இல் காலமானார். இருபதே நாட்களில், பிப்ரவரி 3-ஆம் தேதி, லூனா-9 சந்திரனில் பத்திரமாக இறங்கிப் படங்களும் அனுப்பியது. மரம் வைத்தவர் கனியைக் காணவில்லை. ஆயினும், உடைந்த கலங்கள் வழி காட்டியிராவிட்டால் அந்தக் கனி நமக்கேது?