முட்டுக்கட்டைக்கு ஒரு ஜே!

நான் பி.காம். பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம், சைக்கிளில் அது பிடிக்காவிட்டால் செருப்பைத் தரையில் தேய்க்க வேண்டும் என்பதுதான். அப்படிப்பட்டவனை ஒரு கிழட்டு புல்டோசருக்கு அடியில் மல்லாக்கப் படுக்க வைத்த பெருமை என் தாய்மாமனையே சேரும்.

மாமாவுக்குத் திருவண்ணாமலையிலிருந்து செங்கம் போகிற வழியில் கொஞ்சம் மேட்டு நிலம். சரிவாக இருக்கும். ஆடியில் மணிலா விதைப்பதற்குள் சமப்படுத்த வேண்டும். வேளாண்மைப் பொறியியல் துறையில் புல்டோசர் வாடகைக்குத் தருகிறார்கள். ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மாமா என்ன செய்தார்? ஏலத்தில் ஒரு பழைய செயின் டோசரையே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். "வாடகை கொடுக்கறதுக்குப் பதிலா வாடகை வாங்கலாம்டா மாப்ளே!"

அதற்கப்புறம் அது ஒரு மழைக்காலம் முழுக்க வேப்பமரத்தடியில் நின்றது. வாடகை வாங்கியவை கோழிகள் மட்டும்தான். தினம் ஒரு முட்டை.

ஆனி மாதம் கிளப்பினார். இடது பக்கத்து பிரேக் வழுக்கியது. மாமா ஸ்பேனரை எடுத்து ஸ்க்ரூவை இறுக்கினார். மறுநாளும் வழுக்கியது. மறுபடி இறுக்கினார். மூன்றாம் நாள் சரிவில் இறங்கும்போது எதிரே வலது பக்கம் கிணறு. சுற்றுச்சுவர் இல்லாத, வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிற நம்மூர்க் கிணறு. இடது பக்கம் ஒதுங்குவதற்காக இடது லீவரை இழுத்து, பெடலை மிதித்தார்.

வண்டி வலது பக்கம் திரும்பியது!

இன்னும் பலமாக இழுத்தார். இன்னும் வேகமாகக் கிணற்றைப் பார்த்துத் திரும்பியது. வரப்பில் நின்ற அத்தை போட்ட சத்தத்தில் மாமாவுக்குக் கை பதறி (அல்லது புத்தி வந்து... இரண்டு பாடங்கள் உண்டு) முன்னால் இருக்கும் பிளேடைத் தடாலென்று இறக்கினார். அது மண்ணில் புதைந்து உழுதுகொண்டே போய், கிணற்றுக்கு நாலடி முன்னால் வண்டியை நிறுத்தியது.

"பேய் புடிச்சிருக்கு" என்றார் அத்தை. மாமாவும் மறுக்கவில்லை. நான்தான் டவுனுக்கு ஓடிப் போய் மெக்கானிக் பாயை அழைத்து வந்தேன்.

பாய் வண்டியைத் தொடவே இல்லை. பிளேடு தரையில் இருக்கிறதா என்று பார்த்தார். செயினுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தார். பிறகு என்னிடம் திரும்பி, "தம்பி, பெரிய தேர் பார்த்திருக்கீங்களா?" என்றார்.

திருவண்ணாமலைக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது? கார்த்திகைத் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள். விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேஸ்வரர் என்று ஐந்து தேர். அம்மன் தேரைப் பெண்கள் இழுப்பார்கள். சண்டிகேஸ்வரர் தேரைச் சின்னப் பசங்கள். மூன்றாவதாக வருவதுதான் பெரிய தேர்.

"அதுக்கு ஸ்டீரிங் எங்கே இருக்கு?"

விழித்தேன்.

"முட்டுக்கட்டைதான் ஸ்டீரிங். அதேதான் பிரேக்கு. ஒரு பக்கத்துச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தா அந்தப் பக்கம் தயங்கும், இன்னொரு பக்கம் முன்னால போகும், தேர் திரும்பும். இந்த வண்டியும் அதே ஜாதிதான்."

புரிந்துவிட்டது! டோசருக்கும் திருப்புகிற சக்கரம் கிடையாது. ஒவ்வொரு செயினுக்கும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக். எங்கள் கணக்குப் புத்தகம் மாதிரி: இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. இடது லீவரை இழுத்தால் இடது செயினுக்கு இன்ஜின் சக்தி கட். வலது மட்டும் தள்ளும். வண்டி இடது பக்கம் திரும்பும்.

"அது சமதரையில. இறக்கத்துல கணக்கு தலைகீழ்" என்றார் பாய். இறக்கத்தில் இன்ஜின் வண்டியைத் தள்ளுவதில்லை. கியரில் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அப்போது இடது கிளட்சை விட்டால், அந்தச் செயினுக்குப் பிடிமானம் போய் அதுதான் தறிகெட்டு முன்னால் ஓடும். வண்டி வலது பக்கம் திரும்பும். அதைத் தடுத்து இடது பக்கம் திருப்ப வேண்டியது பிரேக். அதுதான் வழுக்கிவிட்டதே! ஆக, பேய் இல்லை. அத்தைக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்.

பாய் கண்டுபிடித்த முறை, ஆபீசில் தப்பு தேடுகிறவர்களுக்கும் உதவும். "பிரேக் பிடிக்கலைன்னு பொதுவா சொல்லாதீங்க. எப்படிப் பிடிக்கலைன்னு சொல்லுங்க" என்றார்.

பெடல் ஆழமாகப் போகிறதா? டிரம்மைச் சுற்றியிருக்கும் பட்டையின் லைனிங் தேய்ந்திருக்கிறது. ஸ்க்ரூவை முழுக்க இறுக்கி, அப்புறம் புத்தகம் சொல்கிற அளவு தளர்த்த வேண்டும். தளர்த்தாமல் விட்டால் பட்டை உரசிச் சூடேறி வெந்துவிடும். ஸ்க்ரூ இறுக்க இடமே இல்லையென்றால் லைனிங்கையே மாற்ற வேண்டும்.

பெடல் சரியாக இருந்தும் செயின் நிற்கவில்லையா? குற்றவாளி கிளட்சாக இருக்கலாம். மழையில் நின்ற வண்டியில் தகடுகள் துருப்பிடித்து ஒட்டிக்கொள்ளும். லீவரை இழுத்தாலும் விடாது. நாம் பிரேக்கைத் திட்டுவோம்.

பெடல் கெட்டியாக இருக்கிறது, ஆனால் வழுக்குகிறதா? எண்ணெய்!

"வண்டி அடியில ஒரு ஓட்டை இருக்கும். சேறு அடைச்சிருக்கான்னு பாருங்க தம்பி." இப்படித்தான் நான் மல்லாக்கப் படுத்தேன். குச்சியால் குத்தினேன். கறுப்பு எண்ணெய் கொடகொடவென்று என் சட்டையில் அபிஷேகம்.

"சீல் போயிடுச்சு" என்றார் பாய், ஏதோ பிறந்தநாள் வாழ்த்து மாதிரி. பக்கத்து கியர்ப் பெட்டியிலிருந்து எண்ணெய் கசிந்து, காய்ந்திருக்க வேண்டிய லைனிங்கை நனைத்திருக்கிறது. வெளியே போகிற வழியைச் சேறு அடைத்துவிட்டது. அதை இறுக்கி என்ன பயன்? விளக்கெண்ணெய் தடவிய கையால் விலாங்கு மீனைப் பிடிப்பது மாதிரி. நாலு நாள் வேலை. சீல் மாற்றி, புது லைனிங் போட்டு, துருவைத் துடைத்து... பில் தொகையை இங்கே எழுதினால் அத்தை படித்துவிடுவார்.

இந்த செயின் வண்டி பிறந்ததே புதைகிற மண்ணுக்காகத்தான். அமெரிக்காவில் ஸ்டாக்டன் என்ற ஊரில் பெஞ்சமின் ஹோல்ட் என்பவர், 1904-ல் நீராவி டிராக்டரின் சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பலகைகள் கோத்த செயினை மாட்டி ஓட்டிப் பார்த்தார். கம்பளிப்பூச்சி மாதிரி ஊர்கிறதே என்று ஒரு போட்டோகிராபர் சொன்னதாகக் கதை. 'கேட்டர்பில்லர்' என்ற பெயரே அதுதான். 1925-ல் அந்தப் பெயரில் கம்பெனியே வந்துவிட்டது.

நம்மூரிலோ தேரும் டோசரும் சம்பந்தியே ஆகிவிட்டன. திருவாரூர் ஆழித்தேர் 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். முன்னால் பக்தர்கள் வடம் பிடிக்க, பின்னால் புல்டோசர் தள்ளும். அதற்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறது. அப்புறமும் முட்டுக்கட்டை ஓய்வு பெறவில்லை.

நான் வேலை பார்த்த ஆபீசில் ஒரு காஷியர் இருந்தார். வவுச்சர் இல்லாமல் ஒரு பைசா தரமாட்டார். அவருக்கு 'முட்டுக்கட்டை' என்று பட்டப்பெயர் வைத்தவன் அடியேன்தான். அவர் ரிடையர் ஆன பிறகு அந்த ஆபீஸ் எந்தக் கிணற்றை நோக்கிப் போனது என்பது தனிக் கதை.

அந்தக் கார்த்திகையில் மாமாவும் நானும் தேர் பார்க்கப் போனோம். கூட்டமெல்லாம் மேலே பார்த்துக் கும்பிட, நாங்கள் கீழே சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மலை மேற்கே இருப்பதால், மாட வீதியில் தேர் கிழக்கே திரும்பி வரும்போது இறக்கம். வேட்டியை மடித்துக் கட்டிய ஆட்கள் சக்கரத்தோடு கூடவே ஓடுகிறார்கள். சரியான நொடியில் கட்டையைக் கொடுத்து, சரியான நொடியில் கையை எடுத்துக்கொள்கிறார்கள். தேர் ஒரு முனகலோடு தலையைத் திருப்பியது.

தேர் தாண்டிப் போய்விட்டது. மாமா கூப்பிய கையை இன்னும் இறக்கவில்லை.

"சாமி போயாச்சு மாமா. யாரைக் கும்பிடறீங்க?"

"கட்டை போடறவங்களைடா மாப்ளே!"