கைவிடப்பட்ட நிரற்சட்டகமும் தொண்டர்களின் பராமரிப்பும்

கணக்கெடுப்பு, பயிர் ஆய்வு, மாணவர் வருகைப் பதிவு முதலிய பல அலுவல்கள் இன்று கைபேசிச் செயலிகளின் வாயிலாகவே நடைபெறுகின்றன. இவற்றுட் பலவற்றை இயற்றியோர் ஆண்ட்ராய்டு கைபேசிக்கு ஒன்றும் ஐபோனுக்கு மற்றொன்றுமாக இருமுறை எழுதினாரில்லை. ஒரே நிரலை இருவகைக் கருவிகளிலும் இயங்கச் செய்யும் பொதுச் சட்டகம் ஒன்றைத் துணையாகக் கொண்டனர். நிரலுக்கும் கருவிக்கும் இடையே நின்று, ஒன்றன் சொல்லை மற்றொன்றுக்கு எடுத்துரைக்கும் துபாஷி என இச்சட்டகத்தைக் கருதலாம். மொழிபெயர்ப்பாளர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். இருபுறத்து மொழிகளுள் ஒன்று மாறினும் துபாஷி மீண்டும் பயின்றாக வேண்டும். அவனுக்கு ஊதியம் அளித்து வந்த நிறுவனம் விலகிக்கொள்ளின் நேர்வது யாது?

போன்கேப் என்னும் சட்டகத்தின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். கனடா நாட்டு வான்கூவர் நகரிலிருந்த நிட்டோபி என்னும் சிறு நிறுவனத்தார் 2008இல் இதைத் தொடங்கினர். 2011இல் நிட்டோபியை விலைக்கு வாங்கிய அடோபி நிறுவனம், மூலநிரலை அப்பாச்சி மென்பொருள் அறநிறுவனத்திற்கு வழங்கிற்று. அங்கு அது கார்டோவா என்று பெயர் பெற்றது. நிட்டோபியின் அலுவலகம் இருந்த தெருவின் பெயர் அது. பின்னர் 2020இல் அடோபி இம்முயற்சியினின்று விலகியது. செயலிகளைத் தொகுத்தளித்த அதன் சேவையும் அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் மூடப்பட்டது. மூலநிரல் திறந்த உரிமத்தில் இருந்தமையால் சட்டகம் அழியவில்லை. தொண்டர்கள் அதனைப் பேணி, 2025இலும் புதிய பதிப்புகளை வெளியிட்டனர்.

ஆயின் கவலைக்கு இடமில்லை என்று கூறிவிட முடியாது. கார்டோவாச் செயலி உண்மையில் ஓர் இணையப் பக்கமே. கைபேசியினுள் அமைந்த உலாவிச் சாளரம் அதைக் காட்டுகிறது. ஒளிப்படக் கருவி, இருப்பிடம் காட்டும் கருவி, கோப்புச் சேமிப்பு ஆகியவற்றை அப்பக்கம் தானே அணுக இயலாது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் செருகுநிரல் வேண்டும். அச்செருகுநிரலின் ஒரு பகுதி ஜாவாஸ்கிரிப்ட் மொழியிலும், மறுபகுதி அந்தந்தக் கருவிக்குரிய மொழியிலும் எழுதப்பட்டிருக்கும். கருவியின் இயக்க முறைமை மாறுந்தோறும் இரண்டாம் பகுதியைத் திருத்த வேண்டியிருக்கும். ஆண்ட்ராய்டு 2019 முதல், செயலிகள் பொதுச் சேமிப்பிடத்தை விருப்பம்போல் அணுகுவதைக் கட்டுப்படுத்தத் தொடங்கிற்று. பழைய முறையில் படங்களைச் சேமித்து வந்த செருகுநிரல்கள் இதனால் திருத்தத்தை வேண்டின. கூகுள் அங்காடியும் செயலிகள் அண்மைப் பதிப்பைக் குறிவைத்து அமைக்கப்பட வேண்டுமென ஆண்டுதோறும் விதியை உயர்த்தி வருகிறது. ஆதலின் பிழையின்றி ஓடும் செயலியும், எவரும் தொடாது விடின் சில ஆண்டுகளில் புதிய கைபேசியில் கிடைக்காமற் போகும்.

சட்டகத்தின் உள்ளகப் பகுதியைக் குழு ஒன்று கவனிக்கிறது. செருகுநிரல்களிலோ பல, தனி ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதியவை. அவருக்கு வேறு வேலை வந்துவிட்டால் அவ்வளவே. இடர் முதலில் தோன்றுவது இங்கேதான்.

சோர்ந்த பராமரிப்பாளரின் இடத்தை யார் பிடிப்பர் என்பது இதனினும் கடிய கேள்வி. எக்ஸ்.இஸட். என்னும் சுருக்குநிரலைத் தனியொரு தொண்டர் நெடுங்காலம் பேணி வந்தார். 2021 முதல் உதவி புரிவதாக வந்த ஒருவர் படிப்படியாக நம்பிக்கை பெற்று, வெளியீட்டுப் பொறுப்பையும் அடைந்து, 2024இல் கள்ளவழி ஒன்றைப் புகுத்தினார். தொலைக் கணிப்பொறியில் நுழைய வழக்கத்திற்கு மேல் அரை வினாடி பிடிப்பதைக் கண்டு ஐயுற்ற ஆண்ட்ரெஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர் அதனை வெளிப்படுத்தினார். அப்பாச்சி நிறுவனத்திலோ ஒரு வெளியீட்டுக்குப் பொறுப்புக்குழுவினர் மூவரேனும் இசைவு வாக்களித்தல் வேண்டும். இவ்விதி வேலையைத் தாமதப்படுத்துகிறது என்பாருண்டு. அத்தாமதம் பெரிதும் ஏற்கத்தக்கதே.

தம் அலுவலகச் செயலி இத்தகைய சட்டகத்தில் எழுதப்பட்டதாயின், களப்பணியாளரும் ஆசிரியரும் அதை அமைத்தோரிடம் சில வினாக்களை எழுப்பலாம். எந்தெந்தச் செருகுநிரல்கள் பயன்படுகின்றன? ஒவ்வொன்றும் கடைசியாகத் திருத்தப்பட்டது எந்த ஆண்டு? மூலநிரலின் படியும், செயலிக்குக் கையொப்பமிடும் திறவுகோலும் அலுவலகத்தின் வசம் உள்ளனவா, ஒப்பந்ததாரர் வசம் மட்டுமா? திறவுகோல் தொலைந்தால் மூலநிரல் கையிலிருந்தும், முன்பே நிறுவிய செயலியைப் புதுப்பிப்பது அரிதாகிவிடும்.

செயலி பழுதுற்றால் அதை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்ப்பது பலரது வழக்கம். ஆண்ட்ராய்டில் செயலியை நீக்குங்கால் அதன் தனிச் சேமிப்பிலுள்ள பதிவுகளும் உடன் அழியும். அலுவலகத்திற்கு இன்னும் அனுப்பப்படாத பதிவுகள் இருப்பின், அவற்றை முதலில் அனுப்பியோ, எளிய அட்டவணைக் கோப்பாக வெளியே எடுத்தோ வைத்துக்கொண்ட பின்னரே செயலியை நீக்குதல் வேண்டும்.