மூளைக்குள் ஒரு வாய்க்கால்



மூளை ஆபரேஷன் என்றாலே அது பெரியவர்களுக்குத்தான் என்று நாம் நினைப்போம். பிறந்து சில நாளே ஆன பச்சைக் குழந்தைக்கும் தலையில் ஆபரேஷன் செய்யும் டாக்டர்கள் இருக்கிறார்கள். குழந்தைகள் நரம்பியல் அறுவை மருத்துவர் என்று அவர்களுக்குப் பெயர். எம்.பி.பி.எஸ். முடித்த பிறகும் 6 வருடம் படிக்க வேண்டும். அதற்கு மேல் குழந்தைகளுக்கென்று தனிப் பயிற்சியும் எடுக்க வேண்டும். நம் நாட்டில் நரம்பு அறுவை சிகிச்சைக்கு முதல் தனித்துறை, 1949-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது. நம்ம தமிழ்நாட்டுக்கு இது பெருமைதானே!

மூளைக் கட்டி, தலையில் அடிபடுவது, முதுகெலும்பு மூடாமல் பிறப்பது என்று இவர்கள் பார்க்கும் நோய்கள் நிறைய. எல்லாவற்றையும் எழுத இந்தத் தாள் பத்தாது. அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அதுதான் தலையில் நீர் கோர்ப்பது.

தலைக்குள் ஏது தண்ணீர்?

நம் மூளைக்குள் நான்கு அறைகள் உள்ளன. அங்கே தெளிவான ஒரு நீர் ஊறிக்கொண்டே இருக்கும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய அரை லிட்டர் ஊறும். அது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடி, பிறகு ரத்தத்தில் கலந்துவிடும். மூளை அடிபடாமல் மெத்தை மாதிரி காப்பதும் இதுதான்.

வாய்க்காலில் அடைப்பு வந்தால் என்ன ஆகும்? தண்ணீர் வரப்பு மேல ஏறும். அதே மாதிரிதான் இங்கேயும். கைக்குழந்தைக்கு மண்டை எலும்புகள் இன்னும் ஒட்டியிருக்காது. அதனால் தலை பெரிதாகிக்கொண்டே போகும், உள்ளே மூளை நசுங்கும். சிலருக்குப் பிறவியிலேயே அடைப்பு இருக்கும். சிலருக்கு மூளைக்காய்ச்சல், கட்டி, ரத்தக்கசிவு இவற்றால் வரும்.

கிரகணத்தப்போ வெளியே வந்தா இப்படித்தான், செய்வினை வச்சுட்டாங்க என்று சொல்பவர்கள் உண்டு. அந்தத் தாயையே குறை சொல்பவர்களும் உண்டு. இரண்டும் தப்பு. தாயத்து கட்டிக் காத்திருக்கும் நாளில் மூளை நசுங்கிக்கொண்டே இருக்கும்.

டாக்டர் என்ன செய்வார்?

மெல்லிய சிலிகோன் குழாயின் ஒரு முனையை மூளை அறைக்குள் வைப்பார். காதுக்குப் பின்னால், கழுத்து, மார்பு வழியாகத் தோலுக்கு அடியிலேயே கொண்டுபோய் மறுமுனையை வயிற்றுக்குள் விடுவார். அதிகமான நீரை வயிறு உறிஞ்சிக்கொள்ளும். குழந்தை வளர்ந்தாலும் எட்டும்படி குழாயை நீளமாகவே உள்ளே விட்டிருப்பார். இதற்கு ஷன்ட் என்று பெயர். நடுவில் ஒரு வால்வு இருக்கும். கிணற்று மோட்டாரில் ஃபுட் வால்வு பார்த்திருப்பீர்கள், தண்ணீர் மேலே ஏறும், திரும்பி இறங்காது. இதுவும் அப்படித்தான்.

ஒரு அப்பாவின் கதை

சாக்லேட் தொழிற்சாலைக் கதை எழுதிய ரோல்ட் டால் உங்களுக்குத் தெரியுமா? 1960-ல் நியூயார்க்கில் அவருடைய 4 மாத மகன் தியோ இருந்த தள்ளுவண்டியில் டாக்ஸி மோதியது. தலையில் நீர் கோர்த்தது. வைத்த ஷன்ட் அடிக்கடி அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு முறையும் ஆபரேஷன்!

அப்பா சும்மா இருக்கவில்லை. பொம்மை விமானத்துக்குக் குட்டிப் பம்பு செய்யும் ஸ்டான்லி வேட் என்ற பொறியாளரையும், லண்டனில் குழந்தைகளின் மூளை டாக்டரான கென்னத் டில் என்பவரையும் ஒன்று சேர்த்தார். 1962-ல் எளிதில் அடைக்காத புது வால்வு தயாரானது. அதற்குள் தியோ தேறிவிட்டான், அவனுக்கு அது தேவைப்படவில்லை. ஆனால் ஆயிரக்கணக்கான மற்ற குழந்தைகளுக்கு அது பொருத்தப்பட்டது. மூவரும் அதில் லாபம் எடுக்கவில்லை.

நாம் கவனிக்க வேண்டியவை

1. கைக்குழந்தையின் தலை வேகமாகப் பெருத்தால், உச்சிக்குழி புடைத்தால், கண் கீழ்நோக்கியே இருந்தால், ஓயாமல் வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி போக வேண்டும். கிராம நர்ஸ் டேப் வைத்துத் தலையை அளப்பது இதைக் கண்டுபிடிக்கத்தான்.

2. ஷன்ட் வைத்த பிள்ளைகள் நம்மைப் போலப் பள்ளிக்கு வரலாம். அவர்களுக்குத் தலைவலி, வாந்தி, அதிகத் தூக்கம் வந்தால் குழாய் அடைத்திருக்கலாம், டீச்சரிடம் சொல்லுங்கள். 'பெரிய மண்டை' என்று கேலி பண்ணாதீர்கள்.

3. முதுகெலும்பு மூடாமல் பிறக்கும் குழந்தைகள் பலருக்குத் தலையிலும் நீர் கோர்க்கும். தாய்க்குக் கருவுறும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் கொடுத்தால் இந்தக் குறையைப் பெருமளவு தடுக்கலாம் என்று 1991-ல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. கரு உண்டான முதல் 4 வாரத்திலேயே முதுகு மூடிவிடும், அதனால்தான் முன்பிருந்தே தேவை. பள்ளியில் ரத்தசோகைக்காக வாராவாரம் தரும் சத்து மாத்திரையிலும் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. அதை ஜன்னல் வழியா வீசும் தோழிகளே, சாப்பிட்ட பிறகு போட்டால் குமட்டாது. கீரையும் பயறும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் வால்வு வைப்பார். ஆனால் குழந்தையை நேரத்தோடு அவரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது நம்ம வேலை. இதைப் படித்ததும் வீட்டில் அம்மாவிடமும் பாட்டியிடமும் சொல்லுங்கள்.



9-ஆம் வகுப்பு மாணவி,
ஊராட்சி ஒன்றியப் பள்ளி