வேலை தேடும் பிள்ளையும் ஞாயிறு மாலை ஆட்டமும்



மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையை நீங்கள் பலமுறை கேட்டிருப்பீர்கள். கடைசியில் வந்தவருக்கும் அதே கூலி கிடைத்தது என்ற பகுதியே மறையுரைகளில் பெரும்பாலும் விளக்கப்படுகின்றது. ஆனால் உங்கள் வீட்டில் வேலை தேடும் பிள்ளை ஒன்று இருந்தால், அந்த உவமையின் வேறொரு காட்சி உங்கள் கண்ணில் படும். மாலை ஐந்து மணிக்கும் சந்தைவெளியில் சிலர் நின்றுகொண்டிருக்கிறார்கள். நாள் முழுவதும் ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று தோட்டக்காரர் கேட்கிறார். எவரும் தங்களை வேலைக்கு அழைக்கவில்லை என்பதே அவர்களின் விடை. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். சோம்பேறியாயின் வெயில் ஏறுமுன்னரே வீடு திரும்பியிருப்பான்.

நம் நாட்டில் இன்று அவ்வாறு நிற்போர் பெரும்பாலும் இளையோரே. பொதுவான வேலையின்மை வீதத்தைவிட இளையோரிடையே அது பல மடங்கு அதிகம் என்பதைத் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களத்தின் அளவீடுகள் ஆண்டுதோறும் காட்டி வருகின்றன. உயர்தரம் முடித்தவனோ, பட்டம் பெற்றவளோ, வெள்ளிக்கிழமை வர்த்தமானியையும் ஞாயிறு பத்திரிகையின் வேலைவாய்ப்புப் பக்கத்தையும் பார்த்து விண்ணப்பங்களை அனுப்பிய வண்ணம் இருக்கிறார்கள். கிராம அலுவலர் சான்றிதழ், நற்சான்றுப் பத்திரம், பிரதி எடுக்கும் செலவு, பேருந்துக் காசு என ஒவ்வொரு விண்ணப்பமும் வீட்டுப் பணத்தைத் தின்கின்றது. ஆகவே சனி, ஞாயிறு நாட்களில் துணிக்கடையிலோ, திருமண மண்டபத்திலோ, சுப்பர் மார்க்கட்டிலோ, தனியார் கல்வி நிலையத்திலோ கிடைக்கும் வேலையை அவர்கள் ஏற்றுக்கொள்கின்றனர். இதற்கிடையில் அந்தப் பிள்ளைக்கு ஓர் உதைபந்தாட்ட அணியும் உண்டு. அது ஊர் அணியாக இருக்கலாம்; கடல்கடந்த மன்செஸ்ரராகவோ மட்ரிட்டாகவோ இருக்கலாம்.

இங்கேதான் வீட்டில் சண்டை தொடங்குகின்றது. “வேலையில்லாதவனுக்கு விளையாட்டு ஒரு கேடா?” என்ற வார்த்தை எத்தனை வீடுகளில் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் விழுந்திருக்கின்றது! அந்த வார்த்தை நியாயமானதா என்பதையே இவ்வாரம் சற்று ஆராய விரும்புகின்றோம்.

முதலில் மணிக்கூட்டைப் பார்ப்போம். அரச அலுவலகங்கள் திங்கள் முதல் வெள்ளி வரை காலை 8.30 மணிக்குத் திறந்து மாலை 4.15 மணிக்கு மூடப்படுகின்றன. வேலை தேடுவோருக்கு உரிய நேரம் அதுவே. உதைபந்தாட்டமோ பெரும்பாலும் வார இறுதிக்கு உரியது. எனவே வேலை தேடுவதும் ஆட்டம் பார்ப்பதும் ஒன்றையொன்று முட்டிக்கொள்வது அரிது. உண்மையில் முட்டிக்கொள்வன ஆட்டமும் வார இறுதி வேலையுமே. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. ஐரோப்பிய சம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் அங்கு செவ்வாய், புதன் இரவுகளில் நடைபெறுவதால், இங்கே அவை புதன், வியாழன் அதிகாலை 1.30 மணிக்கே தொடங்குகின்றன. ஐரோப்பாவின் கோடைகால நேர மாற்றத்தின்போது அது 12.30 ஆகும். ஆட்டம் முடிந்து படுக்கும்போது மூன்றரை மணி. ஒன்பது மணிக்கு நேர்முகத் தேர்வு என்றால் அந்த முகம் எப்படி இருக்கும்? இந்த ஒன்றைக் குறித்துப் பெற்றோர் கண்டிப்பாக இருப்பதில் தவறில்லை. காலையில் எழுந்து பெறுபேற்றை அறிந்துகொள்வதால் எந்த அணியும் தோற்றுவிடாது.

சனிக்கிழமை ஆட்டத்தின் வரலாறு வேறு. இங்கிலாந்தில் 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின்னர் வேலை செய்வதைத் தடுத்தது. அந்த அரைநாள் ஓய்வு படிப்படியாக ஏனைய தொழிலாளருக்கும் பரவியது. கையில் அரைநாளும் பையில் வாரக்கூலியும் இருந்தவர்கள் மைதானம் நோக்கி நடந்தார்கள். பிற்பகல் 3 மணி ஆட்டம் என்ற வழக்கம் இவ்வாறே வேரூன்றியது. 1888இல் உதைபந்தாட்ட லீக்கும் தோன்றியது. இன்றும் அந்த 3 மணி ஆட்டங்கள் நம் நாட்டில் இரவு 8.30 மணிக்கு, அங்கு கோடைகால நேரமாயின் 7.30 மணிக்கு வருகின்றன. கடையில் நாள் முழுவதும் நின்று வீடு திரும்பிய பிள்ளை கால் நீட்டி இருக்கும் வேளை அது. அந்த ஆட்டத்தை அணைக்கச் சொல்லும் தந்தை எதை அணைக்கிறார் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

வேலையில்லாதவனிடம் நேரம் கொட்டிக்கிடக்கிறது என்று நாம் எண்ணுகின்றோம். ஒஸ்ரியாவின் வியன்னா நகருக்கு அருகே மரியந்தால் என்றொரு சிற்றூர். அங்கிருந்த நெசவாலை மூடப்பட்டதால் ஊர் முழுவதும் வேலையிழந்தது. மரீ யஹோடாவும் அவரது தோழர்களும் அங்கு சென்று ஆராய்ந்து 1933இல் ஒரு நூலை வெளியிட்டனர். ஊர் நூலகத்தில் கட்டணமின்றிப் புத்தகம் கொடுத்தபோதும், இரவல் எடுப்பது இரண்டே ஆண்டுகளில் ஏறக்குறைய அரைவாசியாகக் குறைந்துவிட்டது. வாசிப்பதற்கு முன்னெப்போதும் இல்லாத அளவு நேரம் இருந்தபோதே இது நிகழ்ந்தது! வீதியில் ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். பலர் கைக்கடிகாரம் கட்டுவதையே விட்டுவிட்டார்கள். பெண்களின் நடை மட்டும் விரைவாக இருந்தது, ஏனெனில் அடுப்பும் பிள்ளைகளும் அவர்களுடைய நாளைப் பிடித்து வைத்திருந்தன. வேலை போனபோது கூலி மட்டும் போகவில்லை. திங்கள் எது, வெள்ளி எது என்ற வேறுபாடும் போய்விட்டது.

இதை அறிந்த பின்னர் உங்கள் மகனின் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். வாரத்தில் ஒரு நாளுக்கு ஒரு பெயர் இருப்பது, அந்த நாளில் நான்கு நண்பர்கள் அவனை எதிர்பார்ப்பது, நேர்முகத் தேர்வு என்னவாயிற்று என்று எவரும் கேட்காத ஓர் இடம் அவனுக்கு இருப்பது, இவை சிறியவை அல்ல. முதலில் வெட்டவேண்டியது இதுதானா?

எமது கரையோரப் பங்குகளில் இவ்விடயம் இன்னும் ஆழமாகச் செல்கின்றது. கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் ஞாயிறன்று கடலுக்குப் போகாதிருக்கும் வழக்கம் பல கிராமங்களில் உண்டு. அவர்கள் பேச்சில் ‘தொழில்’ என்றாலே கடல்தான். தொழிலில்லாத நாள் ஞாயிறு. காலையில் திருப்பலி, மாலையில் மைதானம். பாசையூர் சென். அன்ரனிஸ், நாவாந்துறை சென். மேரிஸ், குருநகர் பாடும்மீன், இளவாலை யங் ஹென்றீஸ் போன்ற கழகங்கள் இத்தகைய ஊர்களின் பெயரையே சுமந்து விளையாடி வந்துள்ளன. அங்கே அணியைப் பின்தொடர்தல் என்பது தொலைக்காட்சிக்கு முன் இருப்பதன்று. அண்ணன் பின்களத்தில் நிற்பான், தம்பி கோட்டுக்கு வெளியே தண்ணீர்ப் போத்தலுடன் நிற்பான், மாமா நடுவருடன் வாதிடுவார். (மாமாக்களின் இந்தப் பணி எந்தச் சுற்றுப்போட்டியிலும் குறைந்ததில்லை.) கடலை விட்டுக் கடைவேலைக்குச் சென்ற பிள்ளைக்கு அந்த ஞாயிறு இல்லை. நகரத்துக் கடைக்கு ஞாயிறே நல்ல வியாபாரநாள். அவன் இழப்பது ஓர் ஆட்டத்தை மட்டுமன்று. பாடகர் குழுவிலும் அவனிடம் ஓரிடம் காலியாகின்றது.

அப்படியாயின் ஞாயிறு வேலை பாவமா என்று சில தாய்மார் கலங்குகின்றனர். திருச்சபையின் போதனை இங்கு தெளிவானது, இரக்கமும் உடையது. 1992இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல், குடும்பத்தின் தேவை ஞாயிறு ஓய்வின் கடமையிலிருந்து ஒருவரை நியாயமாக விடுவிக்கலாம் என 2185ஆம் எண்ணில் ஏற்றுக்கொள்கின்றது. 2187ஆம் எண்ணில் விளையாட்டையும் உணவகங்களையும் பெயர்சொல்லிக் குறிப்பிட்டு, இவற்றுக்காகச் சிலர் ஞாயிறன்று உழைக்கவேண்டியுள்ளது என்பதை ஒப்புக்கொண்டு, அவர்களுக்கும் போதிய ஓய்வு நேரம் வேண்டும் என்கின்றது. திருப்பலியைப் பொறுத்தவரை, 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1248ஆம் சட்டம், முதல்நாள் மாலைத் திருப்பலியில் பங்குபற்றினாலும் கடமை நிறைவேறும் என்கின்றது. சனி மாலைத் திருப்பலி எந்தக் கோவிலில் எத்தனை மணிக்கு என்பதை அறிந்து வைத்திருப்பது, கடைக்குப் போகும் பிள்ளையைத் திட்டுவதைவிடப் பயனுள்ளது.

நம் மூத்தோருக்கு இது புதிய சிக்கலுமன்று. 1966 முதல் 1971 வரை இந்நாட்டில் ஞாயிறு விடுமுறை நாளாகவே இருக்கவில்லை. போயா தினங்களை ஒட்டியே வார விடுமுறை அமைந்தது. அலுவலகமும் பாடசாலையும் ஞாயிறன்று இயங்கிய அக்காலத்தில், வேலைக்கு முன்னரோ பின்னரோ திருப்பலியைத் தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. உங்கள் வீட்டுத் தாத்தா, பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள்; எப்படிச் சமாளித்தார்கள் என்று அவர்கள் விரிவாகவே சொல்லக்கூடும்.

2025 ஏப்ரல் 21இல் இறைவனடி சேர்ந்த திருத்தந்தை பிரான்சிஸ் இந்த மூன்றையும் அறிந்தவர். புவனஸ் அயர்சில் 1936இல் பிறந்த அவரை, பதின்மூன்றாம் வயதில் அவருடைய தந்தை காலுறைத் தொழிற்சாலை ஒன்றுக்கு வேலைக்கு அனுப்பினார். முதலில் துப்புரவுப் பணி, பின்னர் அலுவலகப் பணி, அதன்பின் ஆய்வுகூடப் பணி என்று படிப்போடு சேர்ந்தே உழைத்தார். அத்தோடு அவருக்கு ஓர் அணியும் இருந்தது. 1908இல் லொரென்சோ மாசா என்ற சலேசியக் குருவானவர் தெருவில் பந்து விளையாடிய சிறுவரைக் கோவில் வளவுக்குள் அழைத்ததிலிருந்து வளர்ந்த சான் லொரென்சோ கழகமே அது. 1946இல் அவ்வணி வெற்றிவாகை சூடிய ஆண்டை அவர் முதுமையிலும் மகிழ்ச்சியோடு நினைவுகூர்ந்தார். இதைவிட வியப்பானது வேறொன்று. 1990ஆம் ஆண்டு அன்னை மரியாவுக்கு நேர்ந்துகொண்டபடி தொலைக்காட்சி பார்ப்பதை அவர் நிறுத்திக்கொண்டார். வத்திக்கானில் இருந்த காலத்தில், சுவிஸ் காவலர் ஒருவரே ஆட்டப் பெறுபேறுகளை அவருக்குத் தெரிவித்து வந்தார். 2014இல் சான் லொரென்சோ தென்னமெரிக்காவின் லிபர்ட்டடோரஸ் கிண்ணத்தை வென்றபோதும், அவர் அதன் மகனாகவே இருந்தார். ஓர் அணிக்கு உரியவனாய் இருப்பதற்கு எத்தனை மணித்தியாலம் தேவை என்று வாதிடும் இளைஞர்கள் இதைக் கவனிக்கலாம்.

இளைஞனே, உனக்கும் ஒன்று சொல்லவேண்டும். ஓர் அணி போதும். வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். எல்லா நாட்டு லீக்குகளையும் நள்ளிரவு வரை கைத்தொலைபேசியில் புரட்டுவது அணியைப் பின்தொடர்வதாகாது. ஆட்டத்தின் மீது பந்தயம் கட்டும் செயலிகளைத் தொடவும் வேண்டாம். திருமண மண்டபத்தில் பத்து மணித்தியாலம் தட்டுச் சுமந்து பெற்ற கூலியை, எவனோ ஒருவன் தவறவிட்ட பெனால்டியில் இழப்பதைப் போன்ற கொடுமை வேறில்லை. அந்த அணி உன்னுடையது என்ற மகிழ்ச்சியும் அத்தோடு போய்விடும்.

வார இறுதி வேலைதானே என்று உன் உரிமைகளைக் கேளாமலும் இராதே. ஊழியர் சேமலாப நிதிக்கு உன் சம்பளத்தில் 8 வீதமும், தொழில்தருநர் பங்காக 12 வீதமும் சேரவேண்டும். தற்காலிக ஊழியருக்கும் இது பொருந்தும். விலகும்போது சேவைக் கடிதம் ஒன்றைக் கேட்டுப் பெற்றுக்கொள். அடுத்த நேர்முகத் தேர்வில் அது பேசும். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் வாரத்தில் ஒன்றரை நாள் விடுமுறை தருகின்றது. ஆயினும் அதைச் சம்பளத்துடன் பெற அவ்வாரத்தில் 28 மணித்தியாலமாவது வேலை செய்திருக்கவேண்டும். சனியும் ஞாயிறும் மட்டும் வேலை செய்பவன் அந்த எண்ணிக்கையை எட்டுவதில்லை. அவனுடைய ஓய்வு முதலாளியின் நல்மனத்திலேயே தங்கியுள்ளது.

ஆகையால் இப்பக்கத்தை வாசிப்போரில் கடையோ, மண்டபமோ, கல்வி நிலையமோ நடத்துபவர்கள் இருப்பின் ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு ஞாயிறையாவது ஒவ்வொரு பிள்ளைக்கும் முறைவைத்து விட்டுக்கொடுங்கள். எந்த ஞாயிறு என்பதை முன்னதாகவே எழுதி ஒட்டிவிடுங்கள். வியாழனன்று தெரிந்தால் அவன் திருப்பலியையும் ஆட்டத்தையும் தாயோடு உண்ணும் மதிய உணவையும் ஒழுங்கு செய்துகொள்வான். சனி இரவு பத்து மணிக்குத் தொலைபேசியில் அழைத்து “நாளைக்கு வரத் தேவையில்லை” என்று சொன்னால், சனி மாலைத் திருப்பலிக்குப் போக வேலையிலிருந்து முன்கூட்டியே கிளம்பி அரைநாள் கூலியை இழந்தவனுக்கு அந்த ஞாயிறால் பயன் என்ன?